கபாட்டின் இடது பாதி

செம்பூரில் எங்கள் வீட்டுப் படுக்கையறைக் கபாட்டுக்கு, பழைய மர அலமாரிதான், இரண்டு கதவு. வலது பக்கம் என்னுடையது, இடது பக்கம் என் கணவரின் முதல் மனைவி, மூத்தாளுடையது. இப்படி எழுதினால் ஏதோ நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிப் பங்கு போட்டுக்கொண்ட மாதிரி இருக்கிறது. அவளை நான் பார்த்ததே இல்லை. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவள் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவளுடைய பெண்ணுக்கு அப்போது பதினாலு வயது, எனக்கு முப்பத்தெட்டு.

வந்த அன்றைக்கே என் கணவர் வலது கதவைத் திறந்து காட்டி, "இது உனக்கு" என்றார். இடது கதவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அதற்குப் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை, ஒரு சின்னக் கொக்கிதான். திறக்காதே என்று யாரும் சொல்லவில்லை. திற என்றும் சொல்லவில்லையே! சரிதான் போ என்று நானும் விட்டுவிட்டேன். எனக்கு வீம்பு ஜாஸ்தி. ஆபீஸ் புடவை, பட்டுப்புடவை, சல்வார், துவாலை, போர்வை எல்லாவற்றையும் அந்த அரைக் கபாட்டுக்குள் அடைத்துக்கொண்டு பன்னிரண்டு வருஷம் குடித்தனம் பண்ணினேன். ஒன்றை இழுத்தால் நாலு தலையில் விழும்.

ஒரே ஒரு தொந்தரவு. கண்ணாடி இடது கதவின் வெளிப்பக்கத்தில் இருந்தது. தினம் காலையில் பொட்டு வைத்துக்கொள்ள நான் அவளுடைய கதவுக்கு முன்னால்தான் போய் நிற்க வேண்டும்.

போன வருஷம் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. ஆவணியில் முகூர்த்தம், மாட்டுங்காவில் மண்டபம். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மாட்டுங்காவிலிருந்து என் நாத்தனார் வந்து உட்காரும் வரைக்கும். இவருக்கு அக்கா. நல்ல மனுஷிதான், ஆனால் எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"தாரை வார்த்துக் குடுக்கறப்போ இவளை உக்கார வைக்கப் போறியா?" என்று தம்பியிடம் கேட்டாள். நான் அடுக்களையில் காபி கலந்துகொண்டிருந்தேன். "தப்பா நெனச்சுக்காதே. நானும் உங்க அத்திம்பேரும் வேணா மணையில உக்காந்துக்கறோம். குழந்தைக்கு மனசு ஒப்பணுமோல்லியோ?"

"அவளையே கேட்டுடலாமே" என்றார் இவர். எதையும் அடுத்தவர் தலையில் தள்ளுவதில் இவரை மிஞ்ச ஆள் கிடையாது.

பெண் போனைப் பார்த்துக்கொண்டே, "யோசிச்சுச் சொல்றேன்பா" என்றாள்.

யோசிக்கிறாளாம்! எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. டெங்கு வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பெஞ்சில் படுத்துக்கொண்டது யார், அத்தையா? முதல் வேலைக்கு இன்டர்வியூ போனபோது மழையில் ஆட்டோ கிடைக்காமல் குர்லா வரைக்கும் கூடவே நடந்தது யார்? ஆனால் இதையெல்லாம் சொல்லிக் காட்டிவிட்டால் அப்புறம் அதற்கு என்ன மதிப்பு? வாயை மூடிக்கொண்டு காபியைக் கொண்டுபோய் வைத்தேன். கல்யாணத்தில் அந்தப் பெண்ணின் கை மேல் தண்ணீர் விடப் போவது நானா இல்லையா என்பதைத் தவிர அந்த மாசம் முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை.

பெண் கல்யாணத்துக்கு முன்னால் இவர்கள் குடும்பத்தில் புடவைக்கலம் உண்டு. வீட்டில் சுமங்கலியாகச் செத்துப்போன பெண்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிற பூஜை. புதுப்புடவை ஒன்றை நனைத்து, மடியாக உலர்த்தி, கொசுவி, ஒரு மணையில் வைப்பார்கள். அதற்கு முன்னால் இலை போட்டு எல்லாவற்றையும் பரிமாறிவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். அவர்கள் வந்து சாப்பிட்டுப் போக நேரம் கொடுக்க வேண்டுமாம். திரும்பத் திறக்கும் முன்பு நன்றாகக் கைதட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். அந்தப் புடவையை அப்புறம் வீட்டுப் பெண் கட்டிக்கொள்வாள்.

"ஹால்ல பொம்மனாட்டிகள் சாப்பிடுவா. அதனால மணையைப் பெட்ரூம்ல போட்டுடலாம்" என்றாள் அக்கா. கபாட்டைக் கண்ணால் காட்டினாள். "அதுக்கு முன்னாடி அவ பக்கத்தை ஒழிச்சு அடுக்கு. அவளுதெல்லாம் என்ன கதியில இருக்கோ! வீட்டை அலங்கோலமா வெச்சுண்டு அவளைக் கூப்பிடப்படாது."

அப்படித்தான் நான் அந்தக் கொக்கியை எடுத்தேன். பகல் பதினோரு மணி இருக்கும். இவர் பேங்குக்குப் போயிருந்தார். பெண் ஹாலில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே விடாத மழை. நாலு நாளாகத் துணி எதுவும் காயவில்லை, என் பக்கத்து ஹேண்ட்பேகில் பூஞ்சை பிடித்திருந்தது. இத்தனை வருஷம் மூடிக் கிடந்த பக்கத்தில் என்னென்ன நாற்றம் வரப்போகிறதோ என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திறந்தேன்.

ஒரு நாற்றமும் இல்லை. வெயிலில் காய்ந்த துணியின் வாசனை வந்தது.

பட்டுப்புடவை வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும். மடித்தது மடித்தபடி வருஷக்கணக்கில் வைத்தால் மடிப்பிலேயே இற்றுப்போகும். பிரித்தால் கோடு கோடாகக் கிழியும், ஜரிகை கறுத்துப் போகும். அதனால்தான் ஆறு மாசத்துக்கு ஒரு தரம் வெளியே எடுத்து, காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடிப்போம். நான் அவளுடைய புடவைகளை ஒவ்வொன்றாகக் கட்டிலில் பிரித்துப் போட்டேன். பதினாலு வருஷமாக யாரும் கட்டாத புடவைகள். ஒன்றில்கூட ஒரு இழை விட்டிருக்கவில்லை. பழைய மடிப்பின் தடம் மங்கலாகத் தெரிந்தது, அதற்குப் பக்கத்தில் இன்னொரு தடம், அதற்கும் பக்கத்தில் இன்னொன்று. யாரோ விடாமல் மாற்றி மாற்றி மடித்திருக்கிறார்கள். கடைசி மடிப்பு புதிது. நாலைந்து நாளைக்கு முன்னால் மடித்த மாதிரி கூராக இருந்தது.

என்னடா இது கூத்து என்று நானே உரக்கச் சொல்லிக்கொண்டேன். வேலை செய்யும் பாயியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் அந்தப் பக்கம் துடைப்பத்தைக்கூடக் கொண்டுபோனதில்லையாம். கேட்டதற்கே கோபித்துக்கொண்டாள்.

பயமாக இருந்தாலும் ஆசை விடுமா? மயில்கழுத்து நிறத்தில் ஒரு புடவை இருந்தது. தோளில் போட்டுக்கொண்டு, கண்ணாடி பார்ப்பதற்காக அவளுடைய கதவைச் சாத்தினேன். சாத்தின உடனே கிறீச்சென்று என் பக்கத்துக் கதவு திறந்துகொண்டது. பழைய கபாட், உள்ளே தடுப்புப் பலகை சரியில்லை, ஒன்றைச் சாத்தினால் காற்று தள்ளி இன்னொன்று திறக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் பன்னிரண்டு வருஷத்தில் அது ஒரு நாளும் அப்படித் திறந்ததில்லை.

"சித்தி, அது உங்களுக்கு நன்னா இருக்கு."

நான் துள்ளிவிட்டேன். பெண் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கட்டிலில் பரப்பியிருந்ததையெல்லாம் பார்த்துவிட்டு, "எவ்ளோ நன்னா வெச்சுண்டிருக்கேள்!" என்றாள்.

"யாரு, நானா?"

"பின்னே? வருஷத்துக்கு ஒரு வாட்டி நான் திறந்து பாப்பேன். எப்போ பாத்தாலும் மடிப்பு மாறியிருக்கும். சித்தி பண்றான்னு நெனச்சுப்பேன். சொல்லாமயே பண்றாளேன்னு..." முடிக்காமல் நிறுத்தினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

ஆமாம், நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காரியம் அங்கேயே முடிந்திருக்கும். எனக்குப் பொய் வராது. வராததற்காக அன்றைக்கு என்னையே நொந்துகொண்டேன். "நான் இல்லைடி. இன்னிக்குத்தான் இந்தக் கதவையே தொடறேன்."

அவள் முகம் வாடிப்போனது. "அப்போ யாரு?" என்றாள்.

"உங்கப்பாவா இருக்கும்."

"அப்பாவா? அவர் லுங்கியையே அவருக்கு மடிக்கத் தெரியாது."

சாயங்காலம் அவரையும் கேட்டேன். "காத்து வர்ற ரூம். நன்னாத்தான் இருக்கும். இதுக்கெல்லாம் ஒரு ஆராய்ச்சியா?" என்று சொல்லிவிட்டு டிவியைப் போட்டார். அதற்கப்புறம் பெண் என்னிடம் சரியாகப் பேசவே இல்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். கபாட்டைத் தாண்டிப் போகும்போது மட்டும் கொஞ்சம் நிதானிப்பாள். போச்சு, கெடுத்துக்கொண்டேன், இனிமேல் அத்தைதான் மணையில் என்று எனக்கு ராத்திரியெல்லாம் வயிற்றெரிச்சல்.

மூத்தாள் புடவைகளை எல்லாம் வகைப்படுத்தி அடுக்கினேன். பட்டு மேலே, நூல் நடுவில், ரவிக்கைகள் ஒரு டப்பாவில். என் பக்கத்தையும் கையோடு ஒழித்தேன். அடுக்கும்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, யாரோ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரியே இருக்கும். நூல் புடவையைப் பட்டோடு வைத்துவிட்டால் உடனே தப்புப் பண்ணிவிட்ட மாதிரி கை கூசும். எடுத்து மாற்றி வைத்தால்தான் சரியாகும்.

புடவை வாங்கக் கிங்ஸ் சர்க்கிளுக்குப் போனோம். மணையில் வைக்க ஒரு ஒன்பது கஜம், எனக்கு ஒரு ஒன்பது கஜம். தாரை வார்க்க உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும் முகூர்த்தத்துக்கு மடிசார் கட்டிக்கொள்ள வேண்டுமே. இவர் இரண்டையும் அரக்கு நிறத்தில், ஒரே பார்டரில் எடுத்துவிட்டார். "ஒருத்திக்கு ஒசத்தி, ஒருத்திக்குக் கொறைச்சல்னு பேச்சு வரப்படாது" என்றார். மூத்தாளும் இளையாளும் ஒன்று என்று இவருக்கு அன்றைக்குத்தான் தோன்றியிருக்கிறது!

அடையாளம் தெரிய வேண்டாமா? என்னுடையதைக் கீழ்வீட்டு மாமியிடம் கொடுத்து முந்தானையில் குஞ்சம் கட்டி வாங்கிக்கொண்டேன். அதை என் பக்கம் மேல் தட்டில் வைத்தேன். மணையில் வைக்கிற அவளுடையதற்குக் குஞ்சம் கிடையாது. பூஜைக்கு முதல்நாள் அதை நானே தண்ணீரில் நனைத்து, படுக்கையறையில் உயரத்தில் ஒரு கழியில் போட்டு, ஃபேனைச் சுற்றவிட்டு உலர்த்தினேன். கஞ்சியெல்லாம் போய்த் துவண்டு, பாதி ஈரமாகத்தான் இருந்தது. அதற்குமேல் அந்த மழையில் என்ன செய்ய?

மறுநாள் காலையில் அக்கா ஸ்நானம் பண்ணிவிட்டு ஈரத்தலையோடு அதைக் கொசுவினாள். மறுபக்கம் முந்தானைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தலைப்பு என் கையில் இருந்தது, அதில் குஞ்சம் இல்லை.

மணையை அக்கா கபாட்டைப் பார்க்கப் போட்டாள். கொசுவின புடவையை அதன்மேல் வைத்து, ரவிக்கைத்துண்டு, மஞ்சள், குங்குமம், பூ எல்லாம் வைத்தோம். இலை போட்டு வடை, போளி, பாயசம் என்று வரிசையாகப் பரிமாறினோம். அக்கா குடும்பத்துப் பெண்களின் பெயரையெல்லாம் சொல்லிக் கூப்பிட்டாள். கடைசியாக மூத்தாளின் பெயரைச் சொன்னாள். நமஸ்காரம் பண்ணிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினோம்.

ஹாலில் அழைத்திருந்த பெண்கள் ஐந்து பேர், கூட இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். பக்கத்து ஃப்ளாட்டில் மிக்ஸி ஓடி நின்றது. நான் படுக்கையறைக் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். என் எதிரே பெண் கைகளைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள்.

அப்போது உள்ளே கொக்கி விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அந்தக் கிறீச். சற்றுப் பொறுத்து இன்னொரு கிறீச்.

குழந்தைகளில் ஒன்றுதான் உள்ளே மாட்டிக்கொண்டு விஷமம் பண்ணுகிறது என்று எனக்குச் சட்டென்று கோபம் வந்துவிட்டது. "யாரது கபாட்டை நோண்டறது?" என்று தாழ்ப்பாளைத் தள்ளித் திறந்துவிட்டேன். கைதட்டவில்லை. "அய்யய்யோ, தட்டாம திறக்கறியேடி!" என்று அக்கா கத்தினபோதுதான் திரும்பிப் பார்த்தேன். குழந்தைகள் இரண்டும் என் பின்னால் பாயில் உட்கார்ந்திருந்தன.

அறையில் யாரும் இல்லை. கபாட்டின் இரண்டு கதவும் அகலத் திறந்திருந்தன. இலையில் எதுவும் கலையவில்லை. மணையில் புடவை இருந்தது, அக்கா கொசுவின மாதிரியே, அதே மடிப்பு. ஆனால் தலைப்பு முன்னால் சரிந்து தொங்கிற்று. அதில் குஞ்சம் வரிசையாகக் கட்டியிருந்தது.

நான் போய்த் தொட்டேன். கஞ்சி மொடமொடவென்று இருந்தது. தண்ணீரே காணாத புடவை. எழுந்து என் பக்கத்து மேல் தட்டில் கையை விட்டேன். ஈரமாக, துவண்டுபோய், நாலாக மடித்து, அவளுடைய புடவை அங்கே இருந்தது.

"உயிரோட இருக்கறவ புடவை மணையில ஏறிடுத்தே!" அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். "எங்கேயாவது உண்டா இது? உன்னைன்னா கூப்பிடறா அவ!"

இவர் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும்தான் மாத்தி எடுத்திருப்பேள். ரெண்டும் ஒரே கலர்தானே" என்றார். அவர் குரலிலேயே தெம்பு இல்லை.

என் வாய் சும்மா இருக்குமா? "கூப்பிடலை அக்கா. எடுத்துப் பாத்திருப்பா. அவளுதை எல்லாம் நான் பிரிச்சுப் பாக்கலையா? அவளும் பொம்மனாட்டிதானே. நடுவுல நான் போய்த் திறந்துட்டேன்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் பல் கிட்டித்துக்கொண்டது. பயம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எனக்கு ஐம்பது வயதாகிவிட்டது, ஆனாலும் சாக இஷ்டமில்லை.

வாசலில் கூடி நின்றவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு பெண் உள்ளே வந்தாள். குங்குமச் சிமிழ் அவள் கால் பட்டு உருண்டது. மணையிலிருந்து புடவையை இழுத்தாள், பூவெல்லாம் சிதறிற்று. "தொடப்படாதுடி, தொடப்படாது!" என்று அக்கா பதறினாள். பெண் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஒன்பது கஜத்தையும் என் தோள் மேல் சுற்றினாள். கழுத்தோடு, தலையோடு, மூச்சு முட்டுகிற மாதிரி. சுற்றிவிட்டு என்னைப் பின்னுக்குத் தள்ளித் தன் முதுகால் மறைத்துக்கொண்டு கபாட்டைப் பார்த்து நின்றாள்.

"அம்மா" என்றாள். பன்னிரண்டு வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. "இவாளை விட்டுடும்மா. இவாளையும் கூட்டிண்டு போயிடாதே. நீ போனப்புறம் எனக்கு இவாதான். தாரை வார்த்துக் குடுக்க எனக்கு இவா வேணும். வேற யாரும் வேண்டாம். நான் முன்னாடியே சொல்லியிருக்கணும், சொல்லலை, அதுக்காக இவாளை எடுத்துக்காதே. ப்ளீஸ்மா."

அக்கா சுவரோடு சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவர் என்ன செய்வது என்று தெரியாமல் கபாட்டுக் கதவுகளைச் சாத்தினார். முதலில் இடது, அப்புறம் வலது. இரண்டும் சாத்தினபடியே இருந்தன.

பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். ஒரு மாசமாக எதைக் கேட்கக் காத்துக்கொண்டிருந்தேனோ அதைக் கேட்டாயிற்று, ஆனால் எனக்குச் சந்தோஷப்படக்கூடத் தோன்றவில்லை. புடவைக்குள்ளிருந்து கையை உருவி அவள் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

"நான் எங்கயும் போகலைடி அசடே" என்றேன். "ரெண்டு நாள்ல எல்லாம் சரியாயிடும். அழாதே."

அவள் அழுகை சட்டென்று நின்றது. என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். கண் விரிந்திருந்தது.

"இதையேதான் சொல்லிட்டு அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனா" என்றாள். "இதே வார்த்தைதான், சித்தி."

தன் தோளில் இருந்த என் கையைப் பிடித்துக்கொண்டாள், அதை மட்டும் விடவில்லை.